மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போன பிள்ளை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஆடியில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. வாசலில் பந்தல் போடும்வரை அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் டிவி போட்டு உட்கார வைத்திருந்தோம். ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் கேட்டபோது, "அப்பா தூங்குறார்டா" என்று சொன்னவள் நான்தான். அன்று சாயங்காலமே மொட்டை போட்டு, மாமா கையைப் பிடித்துக்கொள்ள, அவனையே கொள்ளி வைக்கவும் சொன்னோம். அதற்கப்புறம் ரெண்டு மாதம் ராத்திரியில் அவன் தூங்கவே பயந்தான், அம்மா கண் அசந்தால் உலுக்கி எழுப்பினான். காரணம் எனக்குப் புரியவே வெகு நாளாயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவன் தலையைத் தடவி, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அம்மாவை அழவிடாதே" என்றார்கள். அவன் அழுகையை நிறுத்திக்கொண்டு தெருவில் விளையாடப் போனான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்லதுதான் என்று பேசிக்கொண்டோம். குழந்தைகள் அப்படித்தான், அரை மணி நேரம் விளையாடிவிட்டுத் திடீரென்று வந்து, அப்பாவுக்கு அங்கே சாப்பாடு யார் போடுவார்கள் என்று கேட்பார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குப் போனான். பிள்ளைகள் மொட்டையைப் பார்த்து "திருப்பதியா, பழனியா?" என்று கேட்க, பழனி என்று சொல்லியிருக்கிறான். அந்த வாரமே அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார்கள். டீச்சர் மேல் தப்பில்லை, நாங்கள் போனில் லீவு மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

நான் கேட்பது செலவில்லாத விஷயம். வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தின நாளே வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பைத் தலைமை ஆசிரியருக்குக் கல்வித்துறை கொடுக்க வேண்டும். சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 75,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் 2025-இல் வந்தது, இவற்றையும் பள்ளியே எடுத்துச் சொல்லலாம். பிள்ளை ரொம்ப ஒடுங்கிப் போனால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், துக்கம் கேட்கப் போகிறவர்கள் பிள்ளையின் பக்கத்திலும் பத்து நிமிடம் உட்காருங்கள், இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். அண்ணன் வண்டியின் முன்னால் அவனை உட்கார வைத்து டீக்கடைக்குப் போவாரே, அதை ஒருநாள் நான் சொன்னபோதுதான் என் மடியில் படுத்து அழுதான். "பன் வாங்கித் தருவாரு அத்தை, பாலில் முக்கித் தருவாரு" என்றான்.

— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்