சர்வரில் டிரைவரை ஏற்றித் தாருங்கள்: கன்டெய்னர் யார்டின் கணினிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வர் நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சர்வரில் உள்ள மென்பொருளுக்குள் எங்கள் ஆபீஸிலிருந்தே நுழைந்து, யார்டு கேட்டில் வண்டியை விடக் காட்டும் கேட் பாஸ் சீட்டை எங்கள் பிரிண்டரில் அடித்துக்கொள்ளும் கிளியரிங், டிரான்ஸ்போர்ட் ஆபரேட்டர்கள் நாங்கள். புது சர்வருக்கு மாறிய நாளிலிருந்து கேட் பாஸ் பிரிண்ட் என்ன பாடு படுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். நாங்கள் போட்ட புகார் டிக்கெட்டுகள் எல்லாம் தங்களிடமே இருப்பதால் அவற்றை மறுபடி ஒப்பிக்கவில்லை. ‘பிரச்சினை உங்கள் பக்கம், பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்யவும்’ என்ற ஒரே பதிலோடு அத்தனையும் மூடப்பட்டதும் தெரியும். போன வெள்ளிக்கிழமை மாலை சீட்டு சரியாக வராமல் டிரெய்லர்கள் கேட்டிலிருந்து மணலி சாலை வரை வால் விட்டு நின்ற பிறகுதான் இந்த மடலை எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான்: சர்வரில், ரிப்பன் மேல் ஊசியால் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, ஏற்றுங்கள்.

பிரச்சினை யார் பக்கம் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து நாலு வரி அடித்து பிரிண்ட் கொடுத்தால் சுத்தமாக வருகிறது. எனவே கேபிள், ரிப்பன், இங்குள்ள டிரைவர் மூன்றும் சரி. தங்கள் சர்வருக்குள் நுழைய உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் பிரிண்டர்ஸ் கட்டத்தில் டிக் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ‘ரீடைரக்டட்’ என்ற ஒட்டோடு பிரிண்டர் தெரிகிறது. அதாவது இணைப்பும் சரி. அதே நாலு வரியை சர்வருக்குள் இருக்கும் நோட்பேடிலிருந்து கொடுத்தால்தான் கோணல் ஆரம்பிக்கிறது. அந்த இடம் எங்கள் பக்கம் அல்ல, ஐயா.

பழைய சர்வரில் எங்கள் பிரிண்டர்களான டிவிஎஸ் எம்எஸ்பி 250, எப்சன் எல்கியூ 1310 இரண்டுக்கும் டிரைவர் இருந்தது. புதியதில் இல்லை. டிரைவர் இல்லாத பிரிண்டரை விண்டோஸ் ‘ஈசி பிரிண்ட்’ கையில் கொடுத்துவிடுகிறது. சர்வர் 2008-இலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. பக்கத்தை எக்ஸ்பிஎஸ் என்ற கோப்பு வடிவில் இங்கே அனுப்பும், இங்குள்ள டிரைவர் அடித்துத் தரும். லேசர் பிரிண்டருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. டாட் மேட்ரிக்ஸுக்கு அது ஆகாது. தன்னிடம் உள்ள எழுத்தில் சடசடவென்று அடிக்க வேண்டிய பிரிண்டர், முழுச் சீட்டையும் படமாக நினைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்துகிறது. நேரம் பல மடங்கு, ரிப்பன் சீக்கிரம் காலி, மூன்றாவது கார்பன் நகலில் எழுத்து நிழல் போல விழுகிறது.

தாள் அளவு அதைவிட மோசம். கேட் பாஸ் படிவம் 10×6 அங்குலத் தொடர் தாள். அந்த அளவு புது சர்வரில் இல்லாததால் வேலை ஏ4-க்கு விழுகிறது. ஏ4 நீளம் 11.69 அங்குலம். இரண்டு படிவம் சேர்ந்தால் 12. ஆக, ஒரு சீட்டுக்கு இரண்டு படிவம் போகிறது. அதோடு அடுத்த சீட்டின் தலை 0.31 அங்குலம் மேலே ஏறி நிற்கிறது. மூன்று நான்கு சீட்டு போவதற்குள் எழுத்து கிழிக்கும் கோட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அங்கே விழுவது பெரும்பாலும் கன்டெய்னர் எண். நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் சரிபார்ப்பதற்கானது. அதில் ஒன்று துளையில் விழுந்து 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் தங்கள் கேட் செக்யூரிட்டி வண்டியை விடுவதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலை அது. பேனாவால் திருத்தினால் செல்லாது, போனில் பிடிஎஃப் காட்டினாலும் செல்லாது. லாரி டிரைவர் வண்டியை விட்டு இறங்கவும் முடியாமல், யூ-டர்ன் போடவும் முடியாமல் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வீணான படிவங்களுக்கு மாதக் கடைசியில் வரிசை எண் வாரியாகக் கணக்கு கேட்டுக் கடிதம் வருகிறது. அந்தக் கடிதம் மட்டும் எப்படியோ அழகாக பிரிண்ட் ஆகியிருக்கிறது.

இன்னொன்று சின்ன விஷயம். சர்வருக்குள் நுழையும்போது கிடைக்கும் செஷன் எண் மாறும்போது பிரிண்டர் பெயரின் கடைசியில் வரும் எண்ணும் மாறும். காலையில் 3, லைன் அறுந்து மறுபடி உள்ளே போனால் 7. கேட் பாஸ் மென்பொருளோ காலையில் பார்த்த பெயரையே பிடித்துக்கொண்டு ‘பிரிண்டர் இல்லை’ என்கிறது. பெயரைச் சேமிக்காமல் செஷனின் டிஃபால்ட் பிரிண்டருக்கு அனுப்பும்படி மென்பொருள்காரரிடம் சொன்னால் தீரும்.

பேப்பரே இல்லாத யார்டு என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதன் கீழேதான் மூன்று நகல் இல்லாமல் வண்டி நகராது என்கிறார்கள். எங்கள் செலவில் கம்ப்யூட்டர், எங்கள் செலவில் லைன், எங்கள் செலவில் ரிப்பன். தப்பு மட்டும் பொதுச் சொத்து என்றால்கூடப் பரவாயில்லை, அதுவும் எங்களுக்கே எழுதப்படுகிறது. மன்னிக்கவும், சொல்ல வந்தது டிரைவரைப் பற்றி.

2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் டிரைவர் ஏற்ற முடியாதபடி மைக்ரோசாஃப்ட் அந்த ஆகஸ்டிலேயே பூட்டிவிட்டது. அது நல்லதற்குத்தான். அதைத் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்டாலும் செய்யாதீர்கள். எங்களால் ஏற்ற முடியாது என்பதால்தான் தங்களை ஏற்றச் சொல்கிறோம்.

64 பிட் டிரைவரை ஏற்றும்போது அதன் பெயர் எங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு இடைவெளி மாறினாலும் விண்டோஸ் அதை வேறு டிரைவராகத்தான் எடுத்துக்கொள்ளும். சரியான பெயர்கள் டிக்கெட்டில் இணைப்பாக உள்ளன. பிறகு குரூப் பாலிசியில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட்டின் கீழ் பிரிண்டர் ரீடைரக்‌ஷனில், ஈசி பிரிண்ட்டை முதலில் பயன்படுத்து என்ற அமைப்பை டிசேபிள் செய்யுங்கள். லேசர் வைத்திருப்பவர்களுக்கு இதனால் இடைஞ்சல் இல்லை, பொருந்தும் டிரைவர் கிடைக்காவிட்டால் ஈசி பிரிண்ட் தானாக வரும். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் 10×6 என்று ஒரு ஃபார்ம் உருவாக்குங்கள். டிவிஎஸ் டிரைவர் சர்வருக்கு ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் விண்டோஸோடு வரும் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ போட்டுக்கொள்ளவும் தயார்.

தயவுசெய்து இதை மாலை நெரிசல் நேரத்தில் செய்ய வேண்டாம். பிரிண்ட் வேலைகளை வரிசையாக அனுப்பும் ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தினாலும் சர்வரில் இருக்கும் எல்லாருடைய பிரிண்டும் நிற்கும். ஞாயிறு காலை செய்வதாக முன்கூட்டியே ஒரு வரி அனுப்பினால், சோதித்துப் பார்க்க எங்களில் இரண்டு பேர் பிரிண்டரில் தாள் போட்டு ஆபீஸில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதி கிளியரிங் மற்றும் டிரான்ஸ்போர்ட் அலுவலகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள்