பம்ப்பைக் கழற்றும் முன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பழைய டூ-ஸ்ட்ரோக் யமஹா பைக்கை வாங்கிவிட்டதாக நீ எழுதியது மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதன் ஆயில் பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இனிப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் தாமதிக்காமல் இதை எழுதுகிறேன். வேண்டாம் என்பதே என் பதில். அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்றுக்கொள்பவள் அல்லள் நீ. ஆகவே காரணங்களையும் சொல்கிறேன்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தேங்கி நின்று, சுற்றிச் சுற்றி வந்து, திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் அதற்கு இடமில்லை. காற்றும் பெட்ரோலும், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறைக்குள்தான் முதலில் நுழைகின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கவழிகள் மூலமாகச் சிலிண்டருக்குள் ஏறுகின்றன. அந்த வழியில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது என்பதால், கலவையோடு சேர்ந்து வந்து, கிராங்க் பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, எரிந்து சைலன்சர் வழியே வெளியேறும் ஆயிலைத்தான் அந்த எஞ்சின் நம்பியிருக்கிறது. கலந்து ஊற்றினாலும் பம்ப் வைத்துச் செலுத்தினாலும் இந்த அடிப்படை மாறுவதில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு ஆயில் போகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

1:20 என்று கலந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி, 1:32 என்றால் ஏறக்குறைய 31 மில்லி, 1:50 என்றால் 20 மில்லி. எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த டேங்க் தீரும்வரை அதுதான். எஞ்சினின் தேவையோ அப்படி ஒரே நிலையில் இருப்பதில்லை. முழு ஆக்சிலேட்டரில் பாரம் இழுக்கும்போது அதற்கு நிறைய ஆயில் வேண்டும். சிக்னலில் நின்று ஐடிலில் ஓடும்போது மிகச் சொற்பமே போதும். கடும் ஓட்டத்தை மனத்தில் வைத்துத் தாராளமாகக் கலந்தால், மெதுவாக ஓட்டும் நாட்களில் பிளக் ஆயிலில் நனைந்து அணையும், சைலன்சரில் கரி படியும், பின்னால் வருபவர்கள் புகையைச் சுவாசிப்பார்கள். மெதுவான ஓட்டத்துக்கென்று குறைத்துக் கலந்தாலோ, ஒருநாள் நீ விரட்டி ஓட்டும்போது எஞ்சின் அதற்கு விலை கொடுக்கும்.

1964-இல் யமஹா ஆட்டோலூப் என்ற ஆயில் பம்ப் முறையைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். எஞ்சின் சுழற்சியாலேயே பம்ப் இயங்குகிறது. ஆக்சிலேட்டர் கேபிளோடு இணைந்த மற்றொரு கேபிள் பம்ப்பின் வீச்சை, அதாவது ஒவ்வொரு தள்ளலிலும் அது அனுப்பும் ஆயிலின் அளவை, கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அதாவது வேகமும் பாரமும் இரண்டுமே ஆயிலின் அளவைத் தீர்மானிக்கின்றன. சுசூகி இன்னும் ஒரு படி மேலே போய், சிலிண்டருக்கு மட்டுமல்லாமல் கிராங்க் பேரிங்குகளுக்கும் பெட்ரோல் கலவாத ஆயிலை நேரடியாக அனுப்பும் முறையைத் தன் பெரிய வண்டிகளில் வைத்தது. எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் டேங்க்கில் ஊற்றும் கலவையால் இதைச் செய்ய முடியாது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரின் பிடியில் இறங்கும் நேரத்தையும் நினைத்துப் பார். கிராங்க் வேகமாகச் சுழல்கிறது, கார்புரேட்டர் வழியே பெட்ரோல் ஏறக்குறைய வருவதில்லை. கலவையில் ஓடும் வண்டிக்கு அப்போது ஆயிலும் வருவதில்லை. கலந்து ஓட்டிய பழைய ஆட்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திருகிவிடுவது பழக்கதோஷத்தால் அல்ல. பம்ப்போ, குறைந்த வீச்சில் என்றாலும், எஞ்சின் சுழலும்வரை ஆயிலை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பம்ப் நின்றுபோனால் ஓட்டுபவருக்குத் தெரியாது, எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரியும் என்று உனக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி நிகழ்வதற்குப் பெரும்பாலும் பம்ப் காரணமாக இருப்பதில்லை. ஆயில் டேங்க்கை வற்றவிட்டுக் காற்று புகுந்திருக்கும். அல்லது கேபிள் நீண்டிருக்கும், குழாய் வயதாகி இறுகிக் கழன்றிருக்கும், வடிகட்டி அடைத்திருக்கும். பந்தயக்காரர்கள் எல்லாரும் கலந்துதானே ஊற்றுகிறார்கள் என்பது அடுத்த வாதம். அவர்கள் எப்போதும் உச்ச வேகத்திலேயே ஓட்டுகிறார்கள், எஞ்சினை அடிக்கடி பிரிக்கிறார்கள், ஒவ்வொரு கிராம் எடையையும் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே விகிதம் அவர்களுக்குப் பொருந்தும். கரடுமுரடான பாதையில் ஓடும் எண்டூரோ வண்டிகளிலேயே, 2018 மாடலிலிருந்து கேடிஎம் தனி ஆயில் டேங்க்கும் மின்னணுப் பம்ப்பும் வைத்ததை இங்கே மறந்துவிடக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. உன் வண்டியில் ஆயில் கார்புரேட்டரைத் தாண்டிய பிறகுதான் சேர்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட் வழியே போவது தனிப் பெட்ரோல், அதற்கேற்பத்தான் அந்த ஜெட்டின் அளவும். பம்ப்பை எடுத்துவிட்டுக் கலந்து ஊற்றினால், அதே துளையில் ஆயிலும் இடம் பிடித்துக்கொள்வதால் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் ஆயில் கூட்டுவோம் என்று செய்யச் செய்ய இது மோசமாகும். எனவே பம்ப்பைக் கழற்றுவதென்றால் ஜெட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், ஆயில் நுழையும் துளைகளையும் பம்ப் இருந்த இடத்தையும் கசிவில்லாமல் அடைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கழற்றிவிடு என்று மட்டும் சொல்பவரின் யோசனையை நான் மதிப்பதில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். ஆயில் டேங்க்கையும் வடிகட்டியையும் கழுவு. ரப்பர்க் குழாய்களைப் புதிதாக மாற்று. பம்ப்பில் உள்ள காற்றுப்போக்குத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு இறுக்கு. பம்ப்பின் சக்கரத்தில் இருக்கும் குறி, ஒர்க்‌ஷாப் கையேட்டில் சொன்ன ஆக்சிலேட்டர் நிலையில் சரியாக நிற்கிறதா என்று பார். இவ்வளவும் முடித்த பிறகு, முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் 1:50 அளவில் ஆயிலைக் கலந்து, பம்ப்பும் இயங்க ஓட்டு. புகை கூடுதலாக வரும், பரவாயில்லை. பம்ப் ஏமாற்றினாலும் எஞ்சின் பிழைக்கும். அந்த டேங்க் தீருவதற்குள் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். அதன்பின் தனிப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியீட்டின் எஃப்சி அல்லது எஃப்டி தரம் இருக்கிறதா என்று பார். படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஆனது. உன்னுடையது காற்றால் குளிர்வது. ஆமணக்கு எண்ணெய் சேர்ந்த பந்தய ஆயிலும் இந்த டேங்க்குக்கு ஆகாது, குளிரில் தடித்துக் குழாயில் நின்றுவிடும்.

கேபிளைத் தொடுவதற்கு முன், எஞ்சினை அணைத்த நிலையில், அந்தக் குறி இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா