அரை டீஸ்பூன் உப்பு

அன்புள்ள மாப்ள,

பதில் போட இத்தனை நாளானதற்குக் கோபப்படாதே. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் ஓய்ந்த கையோடு எங்கள் விடுதியில் பதினாலு பையன்களுக்கு வயிற்றுப்போக்கு. காலரா இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது, ஆனாலும் நாலு நாள் எனக்குத் தூக்கம் போச்சு. சுகாதார ஆய்வாளர் வந்து மாடித் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும், நிறம் மாறவே இல்லை. உடைந்த மூடிக்குப் பதிலாக ஒரு தகரம், அது பறக்காமலிருக்க மேலே செங்கல்.

மறுநாள் வகுப்பில் காலரா எதனால் வருகிறது என்று கேட்டேன். விப்ரியோ காலரே பாக்டீரியா என்று கோரஸ். 1854-இல் லண்டனில் டாக்டர் ஜான் ஸ்னோ காலரா பரப்பிய அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையைக்கூட ஒருவன் சொன்னான். சரி, ராத்திரி இரண்டு மணிக்கு உன் ரூம்மேட்டுக்கு அரிசி கழுவின தண்ணி மாதிரி போகிறது, என்ன செய்வாய் என்றேன். "தண்ணி குடுக்கக் கூடாது சார், இன்னும் போகும்" என்றாள் ஒருத்தி. உங்க அப்பத்தா சொன்னதேதான்! நம்மைப் 'பேதியில போறவனே' என்று திட்டுமே, அந்தத் திட்டு மட்டும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நீர் வற்றித்தான் ஆள் போகிறான், முற்றினால் சில மணி நேரத்திலேயே.

போன நீரை ஈடுகட்டக் குடிக்க வேண்டிய கரைசல் இதுதான்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் குடித்துக்கொண்டே போக வேண்டும். சர்க்கரை குடலுக்குள் உப்பையும் கையோடு இழுத்துப் போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் செலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகாலநாபிஸ் இந்தக் கரைசலைத்தான் டிரம்மில் கலக்கிக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார். ஜான் ஸ்னோ தெரிந்த பையனுக்கு இவரைத் தெரியவில்லை.

அப்புறம் எல்லோரையும் வகுப்பிலேயே கலக்கச் சொல்லிக் குடித்துப் பார்த்தேன். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது கணக்கு. மூன்று பாட்டில் கடல் தண்ணி. திரும்பக் கலக்கச் சொன்னேன்.

நாம் தட்டுவடை செட் தின்ற வண்டிப் பக்கம் போன வாரம் போனேன். காசு வாங்கின கையாலேயே துருவின பீட்ரூட்டை அள்ளி வைக்கிறார், பின்னால் ஒரே பக்கெட்டில் எல்லாத் தட்டும் முங்கி எழுகிறது. தின்னாமல் வந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு செட் தின்றேன்.

தீபாவளிக்கு வா, ஏற்காடு போகலாம்.

உன்,
பழைய ரூம்மேட்