கீழ்பவானி வாய்க்கால் கரை நடை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிந்த ஆண்டின் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் பெரிய சங்கதி இல்லை, டீச் செலவுதான்.

ஞாயிறு நடை வழக்கம்போல வாய்க்கால் கரையிலேயே நடந்தது. வேறு தடம் பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போனால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. அதிலும் நம் கரை தனி ரகம். தண்ணீர் பாய்வது கீழ்ப்பக்கத்து வயல்களுக்கு மட்டும். மேல்பக்கம் மானாவாரியும், வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடும். ஒரு பக்கத்துப் பருவத்தை மதகு முடிவு செய்கிறது, மறுபக்கத்தை வானம்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறக்கும் தண்ணீர் பவானிசாகர் அணையிலிருந்து நம் ஊர்வரை வந்து சேரச் சில நாள் பிடிக்கும். முதலில் வருவது சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும், அப்புறம் கொக்குகள். ஆவணியில் கீழே சேற்றுழவு நடந்துகொண்டிருக்க, மேலே காற்றில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் மொட்டைக் கிளுவை வேலியும்தான். ஐப்பசி மழை இறங்கிய பிறகே கிளுவை துளிர்த்தது. வாலாட்டிக் குருவிகள் அதற்கு முன்பே, புரட்டாசிக் கடைசியில் வந்துவிட்டன. ஆறுமணிக் குருவியின் குரலைக் கேட்டதாக இருவர் சத்தியம் செய்கிறார்கள். பார்த்தவர் யாருமில்லை என்பதால் குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறேன்.

அதிகம் பேசப்பட்டது கண்வலிப் பூதான், அதாவது நம் மாநில மலரான செங்காந்தள். கிளுவையில் ஏறிய கொடி, இலை நுனியைச் சுருட்டி முள்ளைப் பற்றியிருந்தது. ஒரே இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள் இருக்கவே, இரண்டு கொடி பின்னிக் கிடக்கிறது என்று பாதிப் பேர் வாதாடினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா ஒருவர், அடிப்பாதி மஞ்சளாக இருந்த ஒரு பூவின் காம்பில் நூல் கட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அதே பூ அடிவரை சிவந்திருந்தது. வாதம் முடிந்தது. கிழங்கு கடும் விஷம் என்று கூட வந்த பிள்ளைகளிடம் சொல்லிவைத்தோம்.

அந்த வேலியில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். ஆடு தாண்டும் தொல்லை அவர்களுக்கு, குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே இந்த ஆண்டு ஒரு கொடிகூட இல்லை.

போகிக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் மேல்பக்கத்தில்தான் கிடைத்தன. பங்குனியில் புங்கம்பூ கொட்டித் தடமே மறைந்தது.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் ‘பூத்தது’ என்று மட்டும் எழுதாமல் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா என்றும் எழுதுங்கள். சித்திரையிலிருந்து நடை காலை 5.30-க்கே தொடங்கும். எட்டு மணி வெயிலில் யாரும் பூவைப் பார்ப்பதில்லை, டீக்கடையைத்தான் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்