மாம்பழமும் லட்டும் தந்தவருக்கு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 7 குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்த நாள். தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தே ஓய்வு பெற்றவள் நான். அவருக்கு என் நன்றியை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்பது டீச்சர்களுக்குத் தெரியும். பாதிப் பிள்ளைகள் வாசலையே பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். சிலேட்டை நீட்டினால் அழுகை கூடும். 'மாம்பழமாம் மாம்பழம்' என்று நான் பாட ஆரம்பித்து, 'மல்கோவா' வரும்போது இரண்டு மூன்று வாய்கள் தானாக அசையும். அப்புறம் வகுப்பு என் கைக்கு வந்துவிடும்.

'வட்டமான தட்டு' பாட்டை எத்தனை முறை பாடியும் எனக்கு அலுக்கவில்லை. தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று ஒவ்வொரு அடியும் 'ட்டு' என்றே முடியும். நாக்குத் திரும்பாத பிள்ளைகூட அந்த 'ட்டு'வை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடும். எட்டு லட்டில் கிட்டு பாதியை விட்டு மீதியை எடுக்கிறான். விட்டுவைத்தது தங்கை பட்டுவுக்கு. ஆளுக்கு நான்கு. கூட்டல், கழித்தல், பாதி எல்லாம் அதில் வந்துவிடுகிறது. 'பகிர்ந்து உண்' என்று ஒரு வரி அதில் கிடையாது. அண்ணன் தானாகவே பாதியை வைத்துவிடுகிறான், அவ்வளவுதான். அறிவுரை சொல்லாமல் பிள்ளைகளை நம்பி எழுதிய அந்த மனசுக்குத்தான் என் முதல் நன்றி.

1922-ல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதினார். 'பூஞ்சோலை', 'கோகுலம்' இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். தான் எழுதியது போதும் என்று நிற்காமல், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகவும் முன்நின்றார். 1989-ல் மறைந்தார்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பேத்திக்கு வாங்கிய வண்ணப் புத்தகத்தில் அவருடைய பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை. செல்போனில் அவள் பார்க்கும் பாட்டுக் காணொளியிலும் இல்லை. யாரோ எழுதிய பழைய பாட்டு என்றே இளம் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். பதிப்பாளர்களும் காணொளி போடுபவர்களும் பாட்டின் கீழே 'அழ. வள்ளியப்பா' என்று ஒரு வரி சேர்க்கட்டும். உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்த நவம்பரில் அவர் பாட்டு ஒன்றைப் பெயரோடு வெளியிட்டால், பேத்திக்கு நானே அதை வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி