"பால் புரைக்கேறினது" எண்டு எழுத முதல் ஒரு எக்ஸ்ரே எடுங்கோ

மதிப்புக்குரிய மரண விசாரணை அதிகாரிமாருக்கும் சுகாதாரப் பகுதிப் பெரியாக்களுக்கும்,

"பால் புரைக்கேறி பச்சிளம் குழந்தை உயிரிழப்பு" எண்டு யாழ்ப்பாணப் பேப்பருகளில வாற தலைப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. போன மாசம் எங்கட ஒழுங்கைப் பிள்ளையும் அந்தத் தலைப்புக்குள்ள போட்டுது. நாலு மாசம் கூட ஆகேல்ல.

அதுக்கு ரெண்டு கிழமை முந்தி பிள்ளை என்ர மடியில கிடந்தது. இடது காதுமடலில நீலமா ஒரு கண்டல், பின்பக்கத்திலயும் அதே அளவில இன்னொண்டு, ரெண்டு விரலால பிடிச்ச மாதிரி. கேட்டதுக்கு "தொட்டில்ல அடிபட்டிட்டுது அன்ரி" எண்டிச்சினம். கவிழவே தெரியாத பிள்ளை என்னெண்டு போய் அடிபடும்? நானும் தலையாட்டிப்போட்டு வந்திட்டன், சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு ஒரு கோல் எடுக்கேல்ல, அது என்ர பிழைதான். செத்த அண்டைக்கு ஆசுப்பத்திரியில காதைப் பற்றிச் சொல்லப்போக, "நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?" எண்டு மட்டும் கேட்டிச்சினம். பின்னேரமே அடக்கம் முடிஞ்சுது.

நான் ஆரையும் குற்றம் சொல்லேல்ல. எக்ஸ்ரே எடுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

தலைக்குள்ள ரத்தம் கட்டின குழந்தையளின்ர கைகால் எலும்பிலயும் முறிவு இருக்கெண்டு 1946இலயே ஜோன் கஃபே எண்ட டொக்டர் எழுதிப்போட்டார். பிறகு எத்தினையோ பிள்ளையளின்ர காயங்களைப் பதிஞ்சு ஒப்பிட்டுப் பாத்துத்தான், நாலு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளையில எங்க கண்டல் இருந்தாலும், நாலு வயசுக்கு உட்பட்டதில காது, கழுத்து, நெஞ்சு வயித்துப் பக்கம் இருந்தாலும் சந்தேகப்பட்டுப் பார் எண்டு விதி வைச்சிருக்கினம். முதுகுப்பக்க விலா முறிவு, உயிர்காக்க நெஞ்சை அமத்தினதால வாறது நல்லாக் குறைவு. அதில எலும்பு பொருந்தத் தொடங்கியிருந்தால் அது பொதுவா ஒரு கிழமைக்கு மேல பழசு, நேற்று ராத்திரிப் பாலோட அதுக்கு என்ன சம்மந்தம்? இந்த எலும்பு முறிவெல்லாம் வெளித்தோலில தெரியாது.

ரெண்டு மோட்டர் சைக்கிள் முட்டினாலே ரோட்டில சோக்கால கீறி, டேப் பிடிச்சு அளந்து, படமும் கீறுறியள், பச்சைப்பிள்ளைக்கு மட்டும் டேப் நீளம் காணாமப் போகுதோ தெரியேல்ல. கோவத்தில எழுதிப்போட்டன், குறை நினையாதேங்கோ.

உண்மையாவே புரைக்கேறிச் செத்திருந்தாலும் தாயை ஊர்வாய் சும்மா விடாது, அவவுக்கும் இந்த எக்ஸ்ரேப் படம்தான் சாட்சி. அதால தயவுசெய்து, ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளை திடீரெண்டு செத்தால் புதைக்க முதல் முழு எலும்புக்கும் எக்ஸ்ரே எடுங்கோ, காயத்தின்ர இடத்தையும் அளவையும் படத்தில குறிச்சு எல்லாத்தையும் ஒரே இடத்தில சேத்து வையுங்கோ, அடுத்த பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பாக்க ஏதாவது இருக்கவேணும்.

எங்கட பிள்ளைக்கு எடுத்ததோ இல்லையோ எண்டு ஒரு வரி பதில் போட்டாலும் காணும்.

இப்படிக்கு,
முறையில்லாத ஒரு அன்ரி