கண் ஆபரேஷனும் ஜேம்ஸ் ஹாங்கும்

மதுரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்த அன்றுதான் எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். மருமகள்தான் படித்துக் காட்டினாள். உனக்கு இந்த நாடகத்திலும் தபால்காரர் வேடம்தானா என்று அவளே சிரித்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே.

கொஞ்ச நாளைக்குப் படிக்க வேண்டாம் என்றார் டாக்டர். படம் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. பேரன் போட்ட முதல் படம் 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்'. அதில் ஒரு சீனர், உறைபனி மூடிய அறையில் கனத்த ஃபர் கோட்டைப் போட்டுக்கொண்டு செயற்கைக் கண் செய்கிறார். சொட்டு மருந்து வழிகிற கண்ணோடு அதைப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்! சில நிமிஷம்தான் வருகிறார். ஆனால் தன் கைவேலையைப் பற்றிய பெருமையும் உயிர்ப் பயமும் ஒரே முகத்தில் தெரிகின்றன. யாரடா இவர் என்று தேடினேன். ஜேம்ஸ் ஹாங்.

1929-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் பிறந்தவர். சிவில் இன்ஜினியரிங் படித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் சாலைப் பொறியாளராக ஒன்றரை வருஷம் வேலை பார்த்திருக்கிறார். விடுப்பு போட்டு, உடம்பு சரியில்லை என்றும் லீவு எடுத்து நடிக்கப் போவாராம். (உனக்கு மின்வாரியத்து நாட்கள் ஞாபகம் வருமே!) 1954-இல் குரூச்சோ மார்க்ஸ் என்ற பிரபல நகைச்சுவை நடிகர் நடத்திய டிவி நிகழ்ச்சிக்குப் போய், குரூச்சோ எதிரிலேயே அவரை மிமிக்ரி செய்து காட்டினார். அதில்தான் வழி திறந்தது.

திறந்த வழி எங்கே போனது என்று கேள். சமையற்காரன், சலவைக்காரன், வில்லன், வேலையாள். 1974-இல் வந்த 'சைனாடவுன்' படத்தில் பட்லர். 1991-இல் 'சைன்ஃபெல்ட்' தொடரில் சீன ஹோட்டலில் மேஜைக்குக் காத்திருப்பவர்களிடம் 'அஞ்சு பத்து நிமிஷம்' என்று சலிக்காமல் சொல்கிறவர். அந்த எபிசோடைப் பார். நகைச்சுவை செய்கிறோம் என்ற நினைப்பே அவரிடம் இருக்காது. அவருக்கு அது இன்னொரு வேலைநாள், அவ்வளவுதான். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. இப்படிப் படமும் டிவியுமாக 450-க்கு மேல். 'குங் ஃபூ பாண்டா'வில் நூடுல்ஸ் கடை வாத்து அப்பாவின் குரலும் இவர்தான்.

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. 1937-இல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியாகவும் அவன் மனைவியாகவும் நடித்த இருவருமே வெள்ளைக்காரர்கள். மனைவியாக நடித்தவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்த வழக்கம் லேசில் போகவில்லை. வேடம் கொடு என்று கெஞ்சி அலுத்த ஒன்பது பேர், மாக்கோ, பியூலா குவோ, இவர் எல்லாம் சேர்ந்து, 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்று சொந்த நாடகக் குழு தொடங்கினார்கள். முதல் நாடகம் 'ராஷோமோன்'. ஸ்டுடியோவில் தட்டு ஏந்துகிறவன் அங்கே எந்த வேடமும் போடலாம். சீனர், ஜப்பானியர், கொரியர் என்று எல்லாரும் ஒரே மேடையில். அந்தக் குழு இன்றும் நாடகம் போடுகிறது.

கலைஞர்களைக் கௌரவிக்கப் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கிற ஹாலிவுட் நடைபாதையில் இவருக்கும் ஒன்று பதித்தபோது வயது 93. அதற்குக் கட்ட வேண்டிய பணத்தைக்கூட டேனியல் டே கிம் என்ற நடிகர் பொதுமக்களிடம் வசூல் செய்தார், 50,000 டாலருக்கு மேல். அதே 2022-இல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் தாத்தா வேடம். சக்கர நாற்காலியில் கான்டனீஸ் என்ற சீன மொழியில் முணுமுணுக்கிற கிழவர், அடுத்த நொடி இன்னொரு உலகத்துக்காரராக மாறி ஆங்கிலத்தில் அதட்டுகிறார். முதுகெலும்பே வேறாகிவிடுகிறது. மறுவருஷம் விருது மேடையில், அந்த 1937 படத்தில் வெள்ளைக்காரர்களின் கண்களைச் சீனர் கண் மாதிரி டேப் போட்டு இழுத்து ஒட்டியதை நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்தார். அவ்வளவு வருஷத்துக் கோபத்தை அவர் சிரிப்பாக எடுத்துக் கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். எனக்கு வராது.

சரி, உன் தபால்காரருக்கு எத்தனை வசனம்? குழுவை விட்டு விலகப் போவதாக எழுதியிருந்தாய். நாடகத் தேதியை முதலில் எழுது. அதற்குள் கண்ணாடி வந்துவிடும், மருமகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு